கடைசியில் வரும் வெளிச்சம்

கேமராக்களுக்கு வெளிச்சம் தேவைப்படாமல் போய்ப் இருபத்தைந்து வருடங்கள் ஆகியிருந்தன. கும்மிருட்டில் ஃபோனை நீட்டினால் போதும், பட்டப்பகலில் எடுத்ததுபோல் படம் வந்து விழும். அதில் யாருக்கும் வியர்த்திருக்காது. யாரும் கண்ணை மூடியிருக்கமாட்டார்கள், கூட்டத்தின் ஓரத்தில் நின்று கொட்டாவி விட்டிருக்கமாட்டார்கள். இருளில் அங்குமிங்கும் சிந்திக் கிடக்கும் நாலைந்து துளி வெளிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தைக் கேமராவே ஊகித்து நிரப்பிக்கொண்டது. ஆரம்பத்தில் அதை ‘நிறைவுப் படம்’ என்று தனியாகச் சொன்னார்கள். பிறகு அந்தப் பெயரும் வழக்கொழிந்து, படம் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘ஆழி’ என்றொரு நைட் கிளப் இருந்தது. அங்கே மட்டும் ஒருத்தி இன்னமும் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தாவை முதலாளி ஒரு வேடிக்கைக்காகத்தான் வைத்திருந்தார். ஆட வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து ஃபிளாஷையே பார்த்தவர்கள் இல்லை. “ஃபிளாஷ் அக்கா வந்துட்டாங்க” என்று கூவிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வெளியே போகும்போது வாசலில் சூடு ஆறாத காகிதப் படத்தை வாங்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். “ஐயோ, என் மூஞ்சி இப்படியா இருக்கு” என்பார்கள். ஆனால் ஒருத்தரும் அந்தப் படத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனதில்லை. அதை ஜெசிந்தா கவனித்து வைத்திருந்தாள்.

வேடிக்கைக்காக வைத்திருந்தாலும் அவள் வேடிக்கையாக வேலை செய்யவில்லை. கிளப்பின் கூரைக்குக் கறுப்பு அடித்திருந்ததால் ஃபிளாஷை மேலே திருப்பினால் வெளிச்சம் திரும்பி வராது. நேராக அடித்தாலோ முகம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துப்போகும். காசிமேட்டில் மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியை உள்ளங்கை அளவு வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு ஃபிளாஷின் தலையில் கட்டியிருந்தாள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் பால் மாதிரி படியும். அடுத்தது, ஷட்டர். அதை அரை விநாடி திறந்து வைப்பாள். அந்த அரை விநாடியில் ஆடுகளத்தின் விளக்குகள் படத்துக்குள் கோடு கோடாக ஓடும். ஓடி முடிகிற கணத்தில் ஃபிளாஷ் அடித்து ஆட்களை நிறுத்துவாள். முதலில் ஓட விட்டுக் கடைசியில் நிறுத்துவதுதான் அவள் முறை.

அந்த முறையைத் தப்பு செய்துதான் கற்றிருந்தாள். முதல் வருடம் அவள் கேமராவும் மற்ற எல்லாப் பழைய கேமராக்களையும் போல ஷட்டர் திறந்தவுடனேயே ஃபிளாஷ் அடித்தது. வெளிச்சம் பட்டதும் ஆட்கள் திடுக்கிட்டார்கள், இமைத்தார்கள், தலையைத் திருப்பினார்கள். ஷட்டர் இன்னும் திறந்திருந்ததால் அது எல்லாமே படத்தில் ஏறியது. திறந்த கண்ணின் மேல் ஆவி மாதிரி ஒரு மூடிய இமை தெரியும். அப்படியொரு படத்தைப் பார்த்த அன்றே, ஃபிளாஷ் கடைசியில் அடிக்கும்படி கேமராவின் அமைப்பை மாற்றினாள். “சிரிப்பப் புடிச்சுக்கங்க. வெளிச்சம் வந்தப்புறம் விட்டுருங்க” என்று சொல்லப் பழகினாள். பதினான்கு வருடங்களில் அதற்குப் பிறகு ஒரு படத்தில்கூட இரட்டை இமை விழுந்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் ‘ஆழி’யின் மாடத்திலிருந்து ரோஷன் என்ற இருபத்தாறு வயது இளைஞன் கீழே விழுந்தான். கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவனை இறக்கிவிடப் போனவன் தணிகை, கிளப்பின் பவுன்சர். ரோஷனுக்கு முதுகெலும்பு முறிந்தது. தணிகை கைதாகி ஜாமீனில் வந்தான். கிளப்பின் நாற்பது கண்காணிப்புக் கேமராக்களின் படத்திலும் தணிகையின் வலது கை ரோஷனின் மார்பில் பதிந்து அவனைப் பின்னால் தள்ளியது.

வழக்கு விசாரணைக்கு முந்தைய நாள் மதியம், தணிகை காசிமேட்டில் ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தான். அவள் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“யக்கா, நாளைக்கு ஒத்துக்கப்போறேன்.”

“எதைடா?”

“தள்ளுனேன்னுதான்.”

“தள்ளுனியா?”

தணிகை தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தான். யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“மொத வாரம் இல்லன்னுதான் சொல்லிகினு இருந்தேன். ஸ்டேஷன்ல போட்டுக் காட்டுனாங்க. வக்கீலம்மா ஆபீஸ்ல போட்டுக் காட்டுனாங்க. டிவில காட்டுனாங்க. எங்க தெருப் பசங்க ஃபோன்லயே வச்சிகினு சுத்தறானுங்க. நாலு மாசமா பாத்துப் பாத்து, இப்ப கண்ண மூடுனா எனக்கே அப்படித்தான் வருது யக்கா. நான் தள்ளுறேன். அவன் போறான்.”

“அதெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி இன்னா ஞாபகம் இருந்துச்சு?”

“அதத்தான் தேடறேன். கெடைக்கல.”

“நீயும்தான பாத்தேன்னு எழுதிக் குடுத்த” என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் ஜெசிந்தாவைக் குத்தியது.

எழுதிக் கொடுத்தது உண்மைதான். மாடத்தில் ஆறடி தள்ளி நின்று மூன்று பெண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அலறல் கேட்டுத் திரும்பினாள். மறுநாள் காவல் நிலையத்தில் கிளப் கேமராவின் படத்தை ஓட்டிக் காட்டி, “இதத்தானேம்மா பாத்தீங்க?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டாள். பார்த்தது நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. தணிகையின் உச்சந்தலை, அவன் நீட்டிய கை, அதற்கு அப்பால் ரோஷனின் அண்ணாந்த முகம்.

உச்சந்தலையா?

அவள் கையிலிருந்த பேட்டரி நழுவித் தரையில் உருண்டது. தணிகை ஆறடி ஒரு அங்குலம். அவளோ அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவன் உச்சந்தலையை அவள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? அவள் நினைவில் இருந்த காட்சி மேலிருந்து தெரிந்தது, கூரையில் தொங்கிய கேமராவின் இடத்திலிருந்து.

“நீ கெளம்பு” என்றாள். “நாளைக்கு நான் வர்றதுக்குள்ள வாயத் தொறந்த, நானே உன்ன மாடில இருந்து தள்ளுவேன்.”

ரோஷன் விழுந்த இரவில் அவள் எடுத்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அச்சிட்டுக் கொடுத்தவற்றில் தேடினாள், ஒன்றும் இல்லை. கழித்துப் போட்டவற்றில் இருநூற்றுப் பதினேழாவது படம் இருந்தது. இடது ஓரத்தில் தேவையில்லாத ஆட்கள் விழுந்துவிட்டார்கள் என்று கழித்திருந்தாள்.

தேவையில்லாத அந்த ஆட்கள் ரோஷனும் தணிகையும்.

நடுவில் மூன்று பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ரோஷன் கைப்பிடிச் சுவரின்மேல், உடம்பு பாதிக்கு மேல் வெளியே சாய்ந்து, இனித் திரும்ப முடியாத நிலையில் உறைந்திருந்தான். அவன் மார்புக்கு நேரே தணிகையின் மணிக்கட்டு. உள்ளங்கையை ஒரு பெண்ணின் கூந்தல் மறைத்திருந்தது. ஆனால் பவுன்சர்களை இருட்டில் அடையாளம் காண அவர்கள் கையில் கட்டிவிடும் பச்சை விளக்குப் பட்டை தெரிந்தது. அந்த அரை விநாடியில் அது கடந்த பாதை பச்சைக் கோடாகப் படத்தில் பதிந்திருந்தது. தணிகையின் இடுப்புக்குக் கீழே தொடங்கி, தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலேறி, ரோஷனின் மார்பில் முடிந்திருந்தது.

ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் ஃபிளாஷ் கடைசியில் அடிப்பது. அப்படியானால் கோடு முதலில், ஆள் பிறகு. கை வந்து சேரும்போதே ரோஷன் விழுந்துகொண்டிருந்தான்.

காலையில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் தணிகையின் வழக்கறிஞர் ஷகிலா பானு அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தார்.

“ஜெசிந்தா, ஒன்னு புரிஞ்சுக்கங்க. நீங்க அரசுத் தரப்பு சாட்சி. கையெழுத்துப் போட்டுக் குடுத்தத மாத்தினா, பொய் சாட்சின்னு உங்க மேலயே திரும்பும். கிளப்லயும் வச்சுக்கமாட்டாங்க. அந்த நாப்பது கேமராவும் அவங்களோடது.”

“தெரியும் மேடம்.”

“பரவாயில்லயா?”

“பரவா இருக்குது. அதுக்காக என் படத்த நானே பொய்யின்னு சொல்லிட்டுப் போவ முடியுமா?”

தணிகை படத்தை வாங்கிக்கொண்டு தூணோரம் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் வலது கை தானாக அசைந்தது. கீழேயிருந்து எழுந்து, வளைந்து, காற்றில் யாருடைய அக்குளையோ தேடிப்போய் நின்றது. பவுன்சர் ஆவதற்கு முன் ஆறு வருடம் அவன் மெரினாவில் உயிர்காப்பாளனாக இருந்தவன்.

“கீழேர்ந்துதான் போவும் யக்கா” என்றான் மெதுவாக. “மேலேர்ந்து புடிச்சா முழுகறவன் நம்மளயும் இஸ்துகினு போயிருவான்.”

படத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

நீதிபதி இந்திராணி அறுபதை நெருங்கியவர், காதில் சிறிய ஜிமிக்கி. அரசுத் தரப்பின் பட நிபுணர் வித்யாதரன் முப்பதுகூட நிரம்பாதவர். முன்வரிசையில் ரோஷன் இரண்டு ஊன்றுகோல்களை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஜெசிந்தாவின் படம் சுவர்த்திரையில் பெரிதாக விழுந்தபோது அவன் முன்னால் குனிந்து பார்த்தான்.

வித்யாதரன் மரியாதையாகவே பேசினார். “நல்ல படம். ஆனா பழைய கேமராக்கள்ல ஷட்டர் திறந்த உடனே ஃபிளாஷ் அடிக்கும். அப்ப கை மார்பில் இருக்கு. அதுக்கப்புறம் கை கீழே இறங்குது, அந்த இறக்கம்தான் பச்சைக் கோடு. தள்ளிவிட்டுக் கையை எடுத்திருக்கார். நாற்பது கேமரா சொல்றதைத்தான் நாற்பத்தியோராவதும் சொல்லுது.”

“என்னோடது கடைசியில அடிக்கும் சார்” என்றாள் ஜெசிந்தா.

“அதுக்கு ஆதாரம்?”

“கேமராவுலயே பதிஞ்சிருக்குது.”

“அந்தத் தகவலை யார் வேணும்னாலும் மாத்தலாம்.”

அவர் சொன்னது நியாயம்தான். ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். கோடு கீழிருந்து மேலே போகிறதா, மேலிருந்து கீழே வருகிறதா என்று அந்தக் கோடு சொல்லாது. அவள் பார்வை பழக்கத்தால் நடுவில் இருந்த பெண்களின் முகத்துக்குப் போனது. படம் எடுத்ததும் முதலில் கண்களைத்தானே பார்ப்பாள். இரட்டை இமை இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“சார், உங்கள யாராவது ஃபிளாஷ் அடிச்சுப் படம் எடுத்திருக்காங்களா?”

“இல்லை.”

“ஒரு தடவ எடுத்துக்கறேன். அம்மா, ஜன்னல் திரைய இழுத்து விடச் சொல்லுங்க. நீங்களும் அவர் பக்கத்துல வந்தா நல்லது. உங்க ஜிமிக்கி வேணும்.”

அரசு வழக்கறிஞர் எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி அவரைக் கையமர்த்தினார். “நானும் ஃபிளாஷ்ல நின்னு முப்பது வருஷம் ஆச்சு. எடுக்கட்டும்.”

அறை இருண்டது. திரைச்சீலையின் இடுக்கில் ஒரு கோடு வெயில் மட்டும் ஜிமிக்கியில் பட்டு மினுங்கியது. ஜெசிந்தா முழங்கையை விலாவில் ஊன்றினாள். மூச்சை நிறுத்தினாள்.

“சிரிப்பப் புடிச்சுக்கங்க. வெளிச்சம் வந்தப்புறம் விட்டுருங்க.”

முதல் படத்தை அவள் முறையில் எடுத்தாள். பிறகு கேமராவின் அமைப்பை மாற்றி, ஃபிளாஷ் முதலில் அடிக்கும்படி இன்னொன்று எடுத்தாள். இரண்டையும் திரையில் போட்டார்கள்.

முதல் படத்தில் நீதிபதியின் ஜிமிக்கி ஒரே ஒரு புள்ளியாக ஒளிர்ந்தது. வித்யாதரனின் கண்கள் தெளிவாகத் திறந்திருந்தன. இரண்டாவது படத்தில் ஜிமிக்கியிலிருந்து புழு மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்து இறங்கியது. வித்யாதரனின் திறந்த கண்கள் மேல் மெல்லிய இமைகள் மூடியிருந்தன, தூங்கிக்கொண்டே விழித்திருப்பவர் மாதிரி.

“எனக்குத் தெரிஞ்சிருந்தும் கண்ணு மூடிடுச்சு” என்றார் வித்யாதரன், தனக்குத்தானே.

“மூடத்தான் செய்யும் சார். வெளிச்சம் வர்ற வரைக்கும் மனுசங்க அசையாம நிப்பாங்க. வந்தப்புறம் யாராலயும் நிக்க முடியாது. இப்ப என் படத்தப் பாருங்க. நடுவுல இருக்கற பொண்ணோட மூக்குத்தி.”

எல்லோரும் பார்த்தார்கள். ஊசி குத்திய மாதிரி ஒரே ஒரு புள்ளி.

“ஃபிளாஷ் மொதல்ல அடிச்சிருந்தா அது இழுத்துகினு போயிருக்கும். அந்தப் பொண்ணுங்க மூணு பேருக்கும் ரெட்ட இமை விழுந்திருக்கும். அது ஒன்னும் இல்ல. அப்ப வெளிச்சம் கடைசி. பச்சைக் கோடு அதுக்கு முன்னாடி. தணிகை கை கீழேர்ந்து வந்து சேரும்போது அந்தத் தம்பி ஏற்கெனவே போய்கினு இருக்காரு. தள்ளப் போன கை இல்லம்மா அது. புடிக்கப் போன கை.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க கண்ணால பார்த்ததா எழுதிக் குடுத்திருக்கீங்களே. அது?”

இதற்காகத்தான் அவள் இரவு முழுதும் விழித்திருந்தாள். “என் கண்ண நம்பாதீங்கம்மா. அவங்க காட்டுன படத்தப் பாத்தப்புறம் என் கண்ணும் அதையே பாத்ததா சொல்லிருச்சு. நான் பொய் சொல்லணும்னு சொல்லல. ஆனா சொன்னது தப்பு. அதுக்கு இன்னா தண்டனையோ குடுங்க. நான் எடுத்த படத்த மட்டும் நம்புங்க. அடுத்தவன் காட்டுனதப் பாத்துட்டு மாத்திச் சொல்ல அதுக்குத் தெரியாது.”

நீதிபதி வித்யாதரனிடம் திரும்பினார். “நாற்பது கேமரா எப்படி ஒரே தப்பைச் செய்யும்?”

வித்யாதரன் நேர்மையாகச் சொன்னார். “அந்த மூலையில வெளிச்சமே இல்லம்மா. ஒரு பவுன்சர், ஒரு குடிச்ச ஆள், நடுவுல ஒரு கை, அவ்வளவுதான் கேமராவுக்குக் கிடைச்சது. அது கத்துக்கிட்ட லட்சக்கணக்கான படங்கள்ல அந்த மாதிரிக் கை பெரும்பாலும் என்ன செஞ்சிருக்கோ, அதை வச்சு நிரப்பியிருக்கும்.”

“நாற்பதுமா?”

“எல்லாத்துக்கும் ஒரே பாடம்தான். நாற்பதும் ஒரே மாதிரிதான் ஊகிக்கும்.”

மதிய உணவுக்குப் பிறகு தணிகையை வழக்கிலிருந்து விடுவித்தார்கள். ஜெசிந்தாவின் வாக்குமூலம் தவறான நினைவின் பேரில் கொடுக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அவள்மீது நடவடிக்கை வேண்டாம் என்று நீதிபதி எழுதினார். வேலை போன செய்தி அதற்குள் கிளப்பிலிருந்து ஃபோனுக்கு வந்திருந்தது. அவள் படித்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டாள். தோளில் தொங்கிய கேமரா என்றையும்விடக் கனமில்லாமல் இருந்தது.

தாழ்வாரத்தின் இருண்ட கோடியில், ரோஷன் ஊன்றுகோல்களோடு அவர்களுக்காகக் காத்து நின்றான். தணிகை தயங்கி நின்றுவிட்டான்.

“நான் பொய் சொல்லலண்ணே” என்றான் ரோஷன். “தள்ளினதாத்தான் இன்னிக்குக் காலைல வரைக்கும் ஞாபகம். இப்பவும் அதுதான் வருது. போகுமான்னு தெரியல.”

“எனக்கும் அப்படித்தான் தம்பி இருந்துச்சு” என்றான் தணிகை. “போயிரும்.”

ரோஷன் ஜெசிந்தாவைப் பார்த்தான். கேட்பதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு தன் ஃபோனைத் திறந்து நீட்டினான். பிறந்தநாள், கோவில், நண்பனின் கல்யாணம். எல்லாம் இந்த நான்கு மாதத்துப் படங்கள். எல்லாவற்றிலும் ரோஷன் நிமிர்ந்து நின்றான். ஒன்றில்கூட ஊன்றுகோல் இல்லை.

“எந்த ஃபோன்ல எடுத்தாலும் இப்படித்தாங்க்கா வருது. என் வயசுப் பையன் கையில இது இருக்காதுன்னு அதுவே எடுத்துடுது. எனக்கு நேரா நிக்கிற காலை வச்சுடுது. அம்மா இதைப் பார்த்துச் சந்தோஷப்படுறாங்க. எனக்குத்தான்…” அவன் நிறுத்தினான். “இருக்கற மாதிரி ஒரு படம் எடுப்பீங்களா?”

ஜெசிந்தா கேமராவை எடுத்தாள். “சிரிக்கறதும் சிரிக்காததும் உன் இஷ்டம் தம்பி. எதுவா இருந்தாலும் வெளிச்சம் வர்ற வரைக்கும் புடிச்சுக்க.”

ரோஷன் சிரிக்கவில்லை. ஊன்றுகோல்களை முன்னால் கொண்டுவந்து நன்றாகத் தெரியும்படி ஊன்றி, தாடையை உயர்த்தி நின்றான். அவள் அழுத்தினாள். ஃபிளாஷ் உடனே அடித்தது. ரோஷன் திடுக்கிட்டான், ஒரு ஊன்றுகோல் வழுக்கியது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஷட்டர் மூடும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

அவன் விழவில்லை.

அன்று மாலை வீட்டில் அந்தப் படத்தை அச்சில் எடுத்தபோதுதான் ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. நீதிமன்றத்தில் மாற்றிய அமைப்பை அவள் திரும்ப மாற்றவே இல்லை. பதினான்கு வருடத்துக்குப் பிறகு அவளறியாமல் ஃபிளாஷ் முதலில் அடித்திருந்தது. ரோஷனின் நிமிர்ந்த முகத்தில், அவள் வெட்கப்பட வேண்டிய அந்த இரட்டை இமை அப்பட்டமாக விழுந்திருந்தது. கழிக்க வேண்டிய படம்.

ஆனால் வெளிச்சத்துக்குப் பிந்திய அந்த அரை விநாடியும் அதில் இருந்தது. ஊன்றுகோல்கள் இருந்தன. படத்தின் வலது ஓரத்திலிருந்து, தாழ்வாரத்தின் மங்கிய வெயிலில் புகை மாதிரி ஒரு கை வந்திருந்தது. கீழேயிருந்து எழுந்து, வளைந்து, ரோஷனின் அக்குளில் போய் முடிந்திருந்தது.

அவள் அதில் இரண்டு பிரதிகள் எடுத்தாள். ஒன்றை ரோஷனுக்கு அனுப்ப உறையில் போட்டாள். மற்றதை, இதுவரை தன் படம் ஒன்றைக்கூட மாட்டியிராத சுவரில், ஆணி அடித்து மாட்டினாள்.